தந்ததா, எடுத்ததா?

உங்கள் வீட்டுக் குளியலறையில் இருக்கும் சோப்பைக் கையில் எடுத்து, "இதுக்குள்ள யாரு இருக்கீங்க?" என்று என்றைக்காவது கேட்டதுண்டா?

கேட்டிருக்க மாட்டீர்கள். மோப்பி வரும்வரை யாருமே கேட்கவில்லை.

மோப்பி டார்ச் லைட் அளவுள்ள ஒரு கருவி. ஒரு பொருளுக்கு நேரே பிடித்தால் நாயைப் போல மூன்று முறை மூச்சிழுக்கும். அந்தப் பொருளில் எந்த உயிரின் எது கலந்திருக்கிறது, எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லிவிடும். அது கடைக்கு வந்த முதல் வருஷம் வீட்டுக்கு வீடு சிரிப்பும் சண்டையும்தான். "நாங்க ஏழு தலைமுறையா சைவம்" என்றவர்கள் வீட்டில்தான் அதிகம் கத்தியது. குளிக்கிற சோப்பில் மாட்டுக் கொழுப்பு. ஷேவிங் பிரஷ்ஷில் பன்றி முடி. சத்து மாத்திரையின் உறையில் எலும்பு. உதட்டுச் சாயத்தில் பூச்சி. கல்யாணப் பட்டுச் சேலையைப் பீரோவிலிருந்து எடுத்தபோது மோப்பிக்கு மூச்சே முட்டிவிட்டது.

சிரித்து முடித்தபின் ஜனங்கள் மெல்ல மாறினார்கள். காளானில் செய்த செருப்பு வந்தது. தென்னை நாரில் பிரஷ், தவிட்டு மெழுகில் மெழுகுவர்த்தி, முந்திரிப் பாலில் தயிர் எல்லாம் வந்தன. உயிரை வதைக்காத பொருளுக்கு ஒரு பச்சைப் புள்ளி. புள்ளி இல்லாத பொருளைக் கடைக்காரனே கீழ்த்தட்டில் தள்ளிவிட்டான்.

அந்தப் புள்ளியை வைக்கிற வாரியத்தில் இன்னாசி ஒரு சோதனையாளன். சொந்த ஊர் தூத்துக்குடி. கடலுக்குப் போகிற குடும்பம். சோதனையாளன் உடம்பில் மீனோ பாலோ முட்டையோ வீசினால் மோப்பி குழம்பிப்போகும் என்பதால் ஆறு வருஷமாக அவன் மீன் தொடவில்லை. அவனைப் பார்க்கிற மச்சான்மார், "கடல்ல பொறந்துட்டு கத்திரிக்காய் திங்குதான்யா" என்று கேலி பேசுவார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு முன் மகள் பிறந்ததைப் பார்க்கப் போயிருந்தான். இரண்டு நாள் தூக்கி வைத்திருந்தான். திரும்பி வந்து ஆபீஸ் வாசலில் கால் வைத்ததும் மோப்பி கத்தியது. "பால்" என்றது. சட்டையின் தோள்பட்டையில் பிள்ளை கக்கியது ஒரு கறையாகக் காய்ந்திருந்தது.

ஒன்பது நாள் ஒதுக்கி வைத்தார்கள். அதுதான் விதி. ஒன்பது நாள் வேலைக்கு வரக்கூடாது, மோப்பி பக்கமே வரக்கூடாது. பணிப் புத்தகத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தார்கள். "பச்சைப் புள்ளி வைக்கிறவனுக்குக் கறுப்புப் புள்ளியா?" என்று மனைவி அமலி போனில் சிரித்தாள். அதன்பின் அவன் லீவு கேட்கவில்லை. கேட்டாலும் கிடைக்காது, ஆள் குறைவு. மகளை போன் திரையில்தான் வளர்த்துக்கொண்டிருந்தான். பொள்ளாச்சியில் ஒரு மாடி அறை. பக்கத்தில் பேச ஆளில்லை. பிள்ளை கக்கிய அந்தச் சட்டையை மட்டும் அவன் துவைக்கவில்லை. ஒரு பாலித்தீன் பையில் போட்டு முடிந்து வைத்திருந்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவன் போனது ஈரிலை சோப் கம்பெனிக்கு. தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு பெரிய ஷெட். நாற்பது பெண்கள் வேலை செய்தார்கள். தேங்காய்ப் பாலில் செய்த வெள்ளை சோப். உறையில், "ஒரு சொட்டுப் பால்கூட யாரிடமும் பறிக்கவில்லை" என்று போட்டிருந்தது.

முதலாளி குப்புராஜ் வாசலுக்கே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். சிரித்த முகம்.

"வாங்க ஆப்பீசர், வாங்க. டீ குடிப்பீங்களா? பயப்படாதீங்க, தேங்காப்பால் டீதானுங்க. நம்ம காம்பவுண்டுக்குள்ள மாட்டுப் பால் வந்து பதினோரு வருஷம் ஆச்சு."

"அவ்வளவு வைராக்கியமா?" என்றான் இன்னாசி.

வருகிற எல்லோரிடமும் சொல்லிப் பழகிய கதை போலும், குப்புராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். "நான் மாட்டோட பொறந்து மாட்டோட வளர்ந்தவனுங்க. ஒரு நா எங்க மாட்டுக்கிட்ட இருந்து கன்னுக்குட்டிய வெடுக்குனு இழுத்துக் கட்டிப்போட்டு பால் கறந்தாங்க. கன்னு அந்தப் பக்கம் கத்துது, தாயி இந்தப் பக்கம் கத்துது. கேக்க முடியலீங்க. அன்னைக்கு வெச்ச டம்ளர்தான். இன்னைய வரைக்கும் தொட்டதில்லை."

சொல்லும்போது அவர் கண் நிஜமாகவே கலங்கியது. நல்ல மனிதர் என்று இன்னாசிக்குத் தோன்றியது. உள்ளே போகிற வழியில் இரும்பு கேட் ஒன்று பூட்டியிருந்தது. வாட்ச்மேன் திறந்துவிட்டுத் திரும்பப் பூட்டினான்.

"இது எதுக்கு பூட்டு?"

"எல்லாம் உங்க மோப்பிக்குப் பயந்துதானுங்க. காலையில எட்டு மணிக்கு குளிச்சு, கம்பெனித் துணி மாத்திட்டு உள்ள வந்தா சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் வெளிய போகோணும். நடுவுல போய்ட்டு வந்தா பாலு, மோரு, முட்டைன்னு ஏதாச்சும் வாசம் ஒட்டிக்கிட்டு வந்துரும். சோறும் உள்ளேயே போட்டர்றோம்."

போகிற வழியெல்லாம் பெண்கள், "வாங்கண்ணா" என்று அவரைக் கூப்பிட்டார்கள். "முதலாளின்னு யாரும் கூப்பிடக் கூடாதுன்னு சொல்லிட்டேனுங்க. எல்லாம் என் தங்கச்சிங்கதான்" என்றார் குப்புராஜ் பெருமையாக.

முந்தின நாள் வார்த்த சோப்புகள் மர அடுக்குகளில் ஆறிக்கொண்டிருந்தன. பன்னிரண்டாயிரம் கட்டி. இன்னாசி மோப்பியை நீட்டினான். ஒரு மூச்சு. இரண்டு. மூன்று.

மோப்பி கத்தியது.

நாற்பது பெண்களின் கையும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டது. இன்னாசி வேறொரு அடுக்கில் பிடித்தான். அங்கும் கத்தியது. திரையில், "பால். ஒரு நாள் வார்ப்பில் ஆறு டம்ளர்" என்று வந்தது.

"இருக்கவே முடியாதுங்க!" என்றார் குப்புராஜ். "தேங்காப்பாலப் பார்த்துத்தான் கத்துது. மெஷின் தப்புங்க."

"தேங்காப்பால் அதுக்குத் தண்ணி மாதிரி. இருங்க, எந்த மாடுன்னு பாக்குதேன்." இன்னாசி மோப்பியின் பொத்தானை அழுத்தினான்.

திரையில் வந்ததைப் படித்துவிட்டு, இன்னொரு முறை அழுத்தினான். மறுபடியும் அதுவே வந்தது.

"என்னங்க? எருமைங்களா?"

"மனுஷி" என்றான் இன்னாசி.

குப்புராஜ் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. இன்னாசி அவரை ஆபீஸ் அறைக்குக் கூட்டிப்போய் விளக்கினான். தொழிலாளிகளின் வியர்வை, முடி, தோல் எல்லாவற்றையும் மோப்பி கணக்கில் எடுக்காது. ஆனால் விலக்கவேண்டிய பட்டியலில் 'பால்' என்று மட்டும் எழுதிவிட்டார்கள். யாருடைய பால் என்று எழுத ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எழுதிய கமிட்டியில் எல்லோரும் ஆம்பளை.

"இப்போ என்ன ஆகும்?"

"காரணம் தெரியாம நான் எழுதினா புள்ளி போயிரும். ஒரு வருஷத்துக்கு."

"ஒரு வருஷமா? ரெண்டு மாசங்கூடத் தாங்காதுங்க. இழுத்து மூடோணும். நாப்பது பொண்ணுங்க எங்க போவாங்க?" குப்புராஜ் எழுந்தார். "எல்லாரையும் வரிசையா நிறுத்தறேன். மோப்பிய வெச்சு யாருன்னு பார்த்துருங்க."

"பொம்பளப் பிள்ளைங்க நெஞ்சுல மெஷினப் பிடிக்கச் சொல்லுதீங்களா? என்னால ஆகாது."

"அப்ப எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

இன்னாசி ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்று அமலிக்கு போன் போட்டான்.

"என்னங்க, வேலை நேரத்துல கூப்புடுதிய? உடம்புக்கு ஏதும்..."

"ஒண்ணுமில்ல. ஏட்டி, ஒண்ணு கேக்கேன், சிரிக்காத. பிள்ள பக்கத்துல இல்லாம பால் கட்டிக்கிட்டா நீ என்ன செய்வ?"

"ஆறு மாசங் கழிச்சு இப்பதான் கேக்கத் தோணுச்சா? பீச்சி விடணும். இல்லன்னா கல்லு மாதிரி ஆயிரும், காய்ச்சல் வந்துரும். அன்னைக்கு ரேஷன் கடையில மூணு மணி நேரம் நின்னனே, சேலையெல்லாம் நனைஞ்சு மானம் போச்சு."

"பீச்சின பால எங்க ஊத்துவ?"

"முருங்க மரத்து மூட்டுல ஊத்துவேன்."

"பாத்ரூம்ல ஊத்தினா என்னட்டி?"

"வாயக் கழுவுங்க! பிள்ள குடிக்கிற பால யாராச்சும் கக்கூஸ்ல ஊத்துவாளா? கால் மிதிபடக் கூடாது அது. பிள்ளைக்கு ஆகாது. செடி இல்லன்னா ஓடுற தண்ணியில ஊத்தணும். ஒரு இழவும் இல்லன்னா பாலோட பாலாச் சேத்துரணும்."

"பாலோட பாலா?"

"ஆமா. சரி, இந்தா ஷைனி. அப்பாட்ட பேசு மக்களே." போனில் ஒரு எச்சில் சத்தம் கேட்டது.

இன்னாசி ஷெட்டைச் சுற்றி நடந்தான். பூட்டிய கேட்டுக்கு உள்ளே முழுக்க சிமென்ட் தரை. மகரந்தம், பூச்சி எதுவும் வரக்கூடாதென்று ஒரு செடிகூட இல்லை. எல்லாத் தண்ணீரும் கக்கூஸ் குழாயோடு சேர்ந்து ஒரே சாக்கடையில் போனது. பாத்ரூமிலிருந்து வருகிற வழியில் ஒன்றே ஒன்று மட்டும் வெள்ளையாக, சுத்தமாக, திறந்து இருந்தது. தேங்காய்ப் பால் ஊற்றி வைக்கிற பெரிய அண்டா.

அவன் அண்டா பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். யாரையும் கூப்பிடவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் தட்டோடு போனார்கள். சின்னப் பெண் ஒருத்தி மட்டும் போகாமல் நின்றாள். இருபத்திரண்டு வயது இருக்கும். கைகளை மார்பின் குறுக்கே கட்டியிருந்தாள்.

"நானுங்க" என்றாள். "எம் பேரு மேகலா."

"உக்காரும்மா."

அவள் உட்காரவில்லை. "நாலு மாசக் கொழந்தைங்க. ஆதிரைன்னு பேரு. பக்கத்து வீட்டக்கா பாத்துக்குது. கூப்புடற தூரந்தான், அந்தத் தோப்பு தாண்டினா வீடு. இங்கிருந்தே கூரை தெரியும். ஆனா கேட்டு பூட்டிருவாங்க. போன மாசந்தான் வேலைக்குச் சேந்தேன். முத நாளு பாத்ரூம்லதான் ஊத்தினேன். அன்னைக்கு ராத்திரி ஆதிரைக்கு வயித்தால போச்சுங்க. நாந்தான் பாவம் பண்ணிட்டேன்னு நெனச்சேன். அதுக்கப்புறம்..." அண்டாவைப் பார்த்தாள். "பாலோட பாலாப் போகட்டும்னு."

"எத்தன தடவ?"

"பன்னெண்டு மணிக்கு ஒருக்கா, மூணு மணிக்கு ஒருக்கா. ஒவ்வொரு டம்ளருங்க."

"ரெண்டு டம்ளர்தானா? மெஷின் ஆறுன்னு சொல்லுதே."

மேகலா தரையைப் பார்த்தாள். "எனக்குத் தெரிஞ்சது ரெண்டுங்க. மிச்சத்த எங்கிட்டக் கேக்காதீங்க."

இன்னாசி கேட்கவில்லை. "உங்க முதலாளிட்ட சொல்லியிருக்கலாமே? நல்ல மனுஷனாத்தான் தெரியுதாரு."

"நல்லவருதாங்க. அதனாலதான் சொல்ல முடியல. கெட்டவருன்னா சண்டை போட்டிருப்பேன்."

விதிப் புத்தகத்தில் முப்பத்தொன்றாவது விதி என்று ஒன்று உண்டு. கோயிலில் மொட்டை போட்ட முடியில் சவுரி செய்கிறவர்களுக்காக எழுதியது. மனிதரிடமிருந்து வந்த பொருளாக இருந்தால் அந்த மனிதரிடமே ஒரு கேள்வி கேட்டு, கையெழுத்து வாங்கவேண்டும். தந்ததா, எடுத்ததா? தந்தது என்றால் பச்சைப் புள்ளி. எடுத்தது என்றால் மொத்தச் சரக்கையும் அழிக்கவேண்டும். எடுக்கக் காரணமானதை மறுநாள் காலை எட்டு மணிக்குள் நீக்கினால் புள்ளி நிற்கும். நீக்காவிட்டால் போய்விடும்.

சாப்பாட்டுக்குப் பின் ஆபீஸ் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். இன்னாசி நடந்ததையும், பால் ஊற்ற உள்ளே ஒரு செடிகூட இல்லாததையும் சொல்லி, விதியைப் படித்துக் காட்டினான். குப்புராஜுக்கு உயிர் திரும்பி வந்தது.

"அட, இவ்வளவுதானுங்களா! ஏம்மா கண்ணு, நீ ஒண்ணும் பயப்படாத. உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன். தந்ததுன்னு ஒரு கையெழுத்துப் போட்டுரு. சரக்கும் பொழைக்கும், எல்லாருக்கும் நல்லது."

மேகலா பேனாவை எடுத்தாள். எழுதவில்லை. "ஆப்பீசருங்க, கன்னு ஒரு எடத்துல கத்துது, தாயி ஒரு எடத்துல நிக்குது, அப்போ சொரியற பாலுக்கு என்னங்க பேரு?"

அது இன்னாசியிடம் கேட்ட கேள்வி இல்லை.

குப்புராஜின் முகம் மெல்லச் சிவந்தது. "என்ன சொல்ற நீ? நானா எடுத்தேன்? உனக்குக் கொழந்த இருக்கறதே எனக்குத் தெரியாதே!"

"நீங்க எடுக்கலீங்கண்ணா. அந்தப் பூட்டின கேட்டுதான் எடுத்துச்சு."

"கேட்ட நானா ஆசப்பட்டுப் பூட்டறதில்ல. இவங்க மெஷினுக்குப் பயந்துதான பூட்டறோம்?"

"அதுவும் சரிதான். பாதி எங்க மேலயும் இருக்கு" என்றான் இன்னாசி. "அத நான் ரிப்போர்ட்டுல எழுதுதேன். தாய்ப்பாலப் பட்டியல்ல இருந்து எடுக்கச் சொல்லியும் எழுதுதேன். ஆனா அதுக்கு மாசக் கணக்காகும். கேள்வி இப்ப இந்தப் பிள்ளைட்டதான்."

"ஏம்மா, எடுத்ததுன்னு எழுதினா பன்னெண்டாயிரம் சோப்பும் குழிக்குள்ள போகும். புள்ளியும் போச்சுன்னா உன்னோட சேத்து நாப்பது பேருக்கும் வேலை இல்ல. யோசிச்சுக்கோ."

"அதத்தானுங்கண்ணா யோசிக்கறேன்." மேகலா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "தந்ததுன்னு எழுதறதுக்கு எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லீங்க. ஆனா நாளைக்கும் அந்தக் கேட்டு பூட்டும். அந்த சோப்புல யாருகிட்டயும் பறிக்கலன்னு போட்டிருக்குது. யாரோ ஒரு தாயி வாங்கி அவ கொழந்தைக்கு தேச்சுக் குளிப்பாட்டுவா. அதுல எங் கொழந்தையோட பசி இருக்குதுங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்த மாடு வாயத் தொறந்து கத்துச்சு, உங்களுக்குக் கேட்டுச்சு. நானும் கத்திட்டுத்தான் இருந்தேன். சத்தம் வரல."

வெளியே யாரோ தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது.

மேகலா 'எடுத்தது' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி வைத்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். அழுத கண்ணில் எங்கிருந்தோ ஒரு குறும்பு வந்திருந்தது.

"இன்னொண்ணுங்கண்ணா. நீங்கதான அண்ணான்னு கூப்புடச் சொன்னீங்க?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"தங்கச்சிக்குக் கொழந்த பொறந்தா தொட்டில் போட வேண்டியது யாருங்க? ஆதிரைக்கு இன்னும் மாமன் வூட்டுத் தொட்டில் வரல."

அவள் போய்விட்டாள். குப்புராஜ் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்னாசி ரிப்போர்ட்டை எழுதினான். 'அளவு: ஆறு டம்ளர்' என்று போட்டான். 'எத்தனை பேர்' என்ற இடத்தைக் காலியாக விட்டான்.

மாலையில் ஒரு லாரி வந்து பன்னிரண்டாயிரம் சோப்பையும் ஏற்றியது. பெண்கள் அடுக்குகளைக் காலி செய்து கொடுத்தார்கள். ஒருத்தி மேகலாவைப் பார்த்து, "உனக்கென்னடி அவ்வளவு ரோசம், எங்க பொழப்புலயும் மண்ணப் போட்டுட்ட" என்றாள். இன்னும் இரண்டு பேர் மேகலாவின் பக்கத்தில் வந்து நின்றார்கள். வாட்ச்மேன் ஐந்து மணிக்குக் கேட்டைத் திறந்துவிட்டான். மேகலா தோப்புக்குள் ஓடினாள். ஓடும்போதும் கை மார்பின் குறுக்கேதான் இருந்தது.

அறைக்குத் திரும்பிய இன்னாசி சட்டை இருந்த அந்தப் பாலித்தீன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முடிச்சை அவிழ்க்கவில்லை.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு அவன் போனபோது கேட் திறந்து கிடந்தது. வாட்ச்மேன் பூட்டைக் காணோம் என்றான். நார் மூட்டை அடுக்கியிருந்த பின்கட்டு அறை காலியாகி, கழுவி விட்டிருந்தது. விட்டத்தில் புதுச் சேலையில் ஒரு தொட்டில் தொங்கியது. குப்புராஜ் வாசலில் கடப்பாரையால் சிமென்டைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு முருங்கைக் கொம்பு கிடந்தது. எட்டு மணிக்கு மேகலா ஆதிரையோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் கைக்குழந்தைகளோடு வந்தார்கள். குப்புராஜ் மூன்று குழந்தைகளையும் பார்த்தார். கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, இன்னும் இரண்டு சேலை எடுக்க வீட்டுக்குப் போனார். இன்னாசி பச்சைப் புள்ளி நிற்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். பிறகு கையை நீட்டி ஆதிரையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டான். ஆதிரை கக்கினாள். ஒன்பது மணிக்கு ஆபீஸ் வாசலில் மோப்பி கத்தியது. ஒன்பது நாள் ஒதுக்கி வைத்தார்கள், பணிப் புத்தகத்தில் இரண்டாவது கறுப்புப் புள்ளி வைத்தார்கள். பதினோரு மணிக்கு அவன் பழனி வழியாகப் போகும் மதுரை பஸ்ஸில் ஏறி, தூத்துக்குடிக்குப் போனான்.